பெரட்டு சேரின் குளவிக் காது

உலகத்திலேயே பிஸ்கட் தகரத்தைத் தட்டி ஆராய்ச்சிக்கூடம் நடத்திய ஒரே விஞ்ஞானி எங்கள் பெரட்டு சேர்தான். இதை மறுக்க யாராவது வந்தால், அவர் தலவாக்கலைக் குளிரில் அந்தத் தகரச் சத்தத்துக்கு ஒரு நாளும் பதறி எழும்பாதவர் என்று அர்த்தம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. பீட அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த எனக்கே அது அபூர்வமாகத்தான் ஞாபகம் வரும். நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில், பிறந்தவர். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யாருக்கு என்ன வேலை என்று பிரித்து அனுப்புவார்களே, அதுதான் பெரட்டு. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக வந்த பிறகும் மனுஷன் அதை விடவில்லை. காலையில் பிஸ்கட் தகரத்தைத் தட்டினார் என்றால், ஆராய்ச்சிக்கூடத்து வாசலில், பனிக்குள், மாணவர்கள் வரிசையாக நிற்க வேண்டும்.

"நீங்க ரெண்டு பேரும் சோல்டரிங். நீ கோடிங். நெட்டையா, நீ என்னா, நேத்து கோடிங் முடிச்சிட்டேன்னு பொய் சொன்னியாமே? போ, வாசல்ல புல்லு வெட்டு!"

பிந்தி வந்தவனுக்கு அரைப்பேர். தோட்டத்தில் அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம்; பேரே இல்லை என்றால் அன்றைக்கு வேலையே இல்லை. இங்கே சம்பளமே இல்லை என்பதால் அது வெறும் அவமானமாகவே வழங்கப்பட்டது. ஒருமுறை கொழும்பிலிருந்து பெரிய பேராசிரியர் ஒருவர் மதியத்துக்குக் கிட்ட வந்து இறங்கினார். நாங்கள் மாலையோடு நிற்கிறோம். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வாங்க ப்ரொபெசர், வாங்க. ஆனா இன்னைக்கி உங்களுக்கு அரைப்பேருதான்," என்றார். பேராசிரியர் அதை ஏதோ மலையகத்து மரியாதை என்று நினைத்துக்கொண்டு கைகூப்பினார். நாங்களும் திருத்தவில்லை.

பல்கலைக்கழகத்தின் எங்கள் மலைக்கிளை இருந்தது ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில். முன்னர் கொழுந்து வாட்டிய மேல்மாடிதான் விழா மண்டபம். இப்போது அங்கே பார்வையாளர்களை வாட்டுகிறோம். கீழே, தேயிலை உருட்டும் ரோலர் ஓடிய மூலையில் பெரட்டு சேரின் ஆராய்ச்சிக்கூடம். அங்கேதான் அவருடைய குளவிக் காது பிறந்தது.

குளவிக் காது என்பது ஒரு பிவிசி குழாய். அதற்குள் ஒரு மைக், ஒரு சின்னக் கணினி, உச்சியில் லொறி ஹோர்ன். மலையில் குளவி கலைந்தால், அதன் இரைச்சலைச் செயற்கை நுண்ணறிவு கேட்டுக் கண்டுபிடித்து, கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ஹோர்ன் அடிக்க வேண்டும். கருவிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க நிஜக் குளவிச் சத்தம் வேண்டுமே! அதற்காக மோட்டார் சைக்கிள் ஹெல்மட் போட்டு, உடம்பெல்லாம் சாக்குச் சுற்றிக்கொண்டு, கூட்டுக்குக் கீழே போய் நின்றார். சாக்குக்கும் ஹெல்மட்டுக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அதைக் குளவிகள் எந்த நுண்ணறிவின் உதவியும் இல்லாமல் கண்டுபிடித்தன. அந்த வாரம் முழுக்க வீங்கிய உதட்டோடு விரிவுரை செய்தார். வழக்கத்தைவிடத் தெளிவாக விளங்கியது என்று மாணவர்கள் சொன்னார்கள்.

இவ்வளவு கோமாளித்தனத்துக்கும் கீழே ஒரு காரணம் கிடந்தது. அவருடைய அக்கா கொழுந்தெடுக்கும்போது குளவி கொட்டி, ஆஸ்பத்திரியில் முகம் தெரியாமல் வீங்கிக் கிடந்தவர். இவரைப் படிக்க வைத்ததும் கொழுந்தெடுத்த அந்த அக்காவின் கைதான். இதை அவர் ஒரு நாளும் மேடையில் சொன்னதில்லை. எனக்கும் அவருடைய மாணவன் ஒருவன் சொல்லித்தான் தெரியும்.

இந்த நிலைமையில்தான் மேலிடத்துக்கு 'டீப் டெக்' என்னும் ஆழ்தொழில்நுட்பக் காய்ச்சல் வந்தது. ஆழ்தொழில்நுட்ப ஆராய்ச்சி, புத்தாக்கம், திறந்த நாள் என்று கட்டடம் முழுக்கப் பதாகை கட்டினார்கள். பீடாதிபதி கூட்டம் வைத்து, திறந்த நாளில் பண ஆதரவாளர் கிடைக்காத ஆராய்ச்சிக்கூடம் மூடப்படும், அந்த இடத்தில் மெத்தை நாற்காலி போட்டுப் 'புத்தாக்க ஓய்வறை' வரும் என்று அறிவித்தார். அறிவிக்கும்போது அவர் கண் போனது பெரட்டு சேரின் மூலைக்கு.

பெரட்டு சேர் எழும்பினார். "சேர், ஆழம்னு சொல்றீங்களே, எவ்வளவு ஆழம்? உருளக்கெழங்கு நடுற ஆழமா, கெணறு தோண்டுற ஆழமா?"

"உங்கட ரூமைக் காப்பாத்துற ஆழம்," என்றார் பீடாதிபதி. அந்த மனுஷன் வாழ்க்கையில் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான்.

திறந்த நாளும் வந்தது. வாசலில் மூன்று மொழியிலும் வணக்கம் சொல்ல ஒரு ரோபோவை நிறுத்தியிருந்தார்கள். தலவாக்கலைக் குளிரில் அது சிங்கள வணக்கமான ஆயுபோவனில் "ஆயு" என்றதோடு நின்றுவிட்டது. "போவன்" பொழுதுபட்ட பிறகுதான் வந்தது, அதற்குள் விருந்தினர்கள் போய்விட்டார்கள். இன்னொரு மேசையில் ஒரு கண்ணாடி. மாட்டினால் பச்சைப் பசேலென்று தேயிலைத் தோட்டம் தெரியும். கழற்றினால் ஜன்னல் வழியே அதே தோட்டம் தெரியும், அட்டைப்பூச்சி மட்டும் கூடுதல். அதை மாட்டப் பெரிய வரிசை. ஜன்னல் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. அடுத்த மேசையில், மலையில் ஆபத்து வந்தால் தொழிலாளிக்குப் போனில் தகவல் அனுப்பும் செயலி. மலையில் சிக்னல் இல்லையே என்று கேட்டேன். "அது அடுத்த கட்டம்," என்று புன்னகைத்தார்கள்.

பெரட்டு சேர் வேறொரு வேலை செய்திருந்தார். நோர்வூட்டிலிருந்து ஒரு லொறி நிறைய அக்காவையும் அக்காவின் கூட்டாளிகளையும் வரவழைத்திருந்தார். மத்தியானக் கொழுந்து நிறுவை முடிந்ததும் ஏறியவர்கள். உடுப்பு மாற்ற நேரமில்லை, நனையாமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த துணியான படங்கோடேயே வந்து இறங்கினார்கள். முன்வரிசை நாற்காலிகளில் 'சிறப்பு விருந்தினர்' என்று தாள் ஒட்டியிருந்தது. சேர் அத்தனையையும் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர்களை உட்கார வைத்தார்.

"தம்பி, இது பெரிய ஆளுங்க எடமாடா?" என்று அக்கா கூச்சத்தோடு கேட்டார்.

"ஆமாக்கா. அதான் ஒன்னைய ஒக்காரச் சொல்றேன்."

பிரதம விருந்தினர், தோட்டக் கம்பனிப் பெரியவர், அக்காவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையாக இருந்து மேலே போனவர், தமிழ் நன்றாகத் தெரியும். பீடாதிபதி மைக்கைப் பிடித்தார். ஆழ்தொழில்நுட்பத்தின் அவசியம் பற்றி ஒரே சுருதியில், ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மேடை ஓரத்தில் நின்ற குளவிக் காது அவர் குரலுக்கும் குளவிக் கூட்டத்துக்கும் வித்தியாசம் காணவில்லை. நாங்களும் கண்டதில்லை. லொறி ஹோர்ன் கட்டடம் அதிர அலறியது.

"கொளவீ!"

ஒரே ஒரு குரல்தான். அடுத்த கணம் முன்வரிசையில் ஒரு தலையும் தெரியவில்லை. அத்தனை பெண்களும் படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு தரையில் குப்புறக் கிடந்தார்கள். அக்கா மட்டும் படுக்கவில்லை. கம்பனிப் பெரியவரைக் கழுத்தோடு பிடித்துக் கீழே இழுத்து, ஈரப் படங்கைப் போட்டு மூடி, மேலே ஒரு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"அசையாதீங்க ஐயா! கத்தாதீங்க! கத்துனா மூஞ்சிக்குத்தான் வரும்!"

படித்த நாங்கள் அத்தனை பேரும் எழும்பி ஓடினோம். ஒரு கலாநிதி தேநீர் மேசைக்கு அடியில் இருந்தார். பீடாதிபதியைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து எடுத்தோம்.

படங்குக்குள்ளிருந்து வெளியே வந்த கம்பனிப் பெரியவர் கோபப்படவில்லை. தலையில் ஒட்டிய தேயிலை இலையைத் தட்டிவிட்டு, குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்ல மெஷின். இது ஆள் பேசுறதும் கேக்குமா?"

"கேக்கும்ங்க."

"அப்ப மலைக்கு மலை கட்டலாம். வேலை நேரத்துல பொம்பளைங்க கத பேசுறது, சும்மா நிக்கிறது எல்லாம் ஆபீசுக்குத் தெரியணும். குளவி கெடக்கட்டும். ஒங்க லேபுக்கு என்னா வேணும், சொல்லுங்க."

பீடாதிபதியின் முகம் குத்துவிளக்காக எரிந்தது. சேரின் காலை மிதித்தார், "ஓம் சொல்லுங்க, ஓம் சொல்லுங்க" என்று காதுக்குள் கெஞ்சினார். அறை தப்பிவிடும். வாழ்நாள் உழைப்பு தப்பிவிடும். ஒரு வார்த்தைதான் தேவை.

அக்கா படங்கை உதறி மடித்துக்கொண்டிருந்தார். சேர் அவரைப் பார்த்தார். பிறகு மேசைக்குக் கீழே குனிந்து, பிஸ்கட் தகரத்தை எடுத்து, டங் டங்கென்று தட்டினார். மண்டபம் அடங்கியது.

"தொரை," என்றார் மிக மரியாதையாக. "இன்னைக்கி ஒங்களுக்குப் பேரு இல்லீங்க. லயத்துக்குத் திரும்பிப் போங்க."

தலைமுறை தலைமுறையாகப் பெரட்டுக்களத்தில் அந்த வசனத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். முதலில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு யாருக்கும் பொத்த முடியவில்லை. அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கட்டடம், ரோலர் ஓடிய காலத்திலும் கேட்டிருக்காது. எனக்கு மட்டும் ஏனோ அழுகை வந்தது.

கம்பனிப் பெரியவரின் வாகனம் போனது. அடுத்த வாரமே அறையும் போனது. சேர் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, குழாய்களை அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டு நோர்வூட் பஸ் ஏறினார். புத்தாக்க ஓய்வறையில் மெத்தை நாற்காலிகள் இருக்கின்றன. ஈரத்தில் பூஞ்சணம் பிடித்ததுதான் இன்றுவரை அங்கே நடந்த ஒரே புத்தாக்கம்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். மலையோரத்து மரங்களில் குளவிக் காதுகள் தொங்குகின்றன. கோயில் ஒலிபெருக்கி கரகரத்தாலும் அலறுகின்றன, புகைபோக்கி உடைந்த முச்சக்கரவண்டி போனாலும் அலறுகின்றன. ஒவ்வொரு முறையும் பெண்கள் கூடையை இறக்கிவிட்டுப் படுக்கிறார்கள். "தொல்லையா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"நெசமாவே கொளவி வந்தப்பவும் ஊதுச்சுல்ல, ஒருத்திக்கும் ஒண்ணும் ஆகல," என்றார் அக்கா. "மத்த நேரம் ஊதுனா ஊதட்டும். வேலைய நிப்பாட்டுன்னு எங்களுக்குச் சொல்ற மெஷினு, எங்க தம்பியோடது மட்டுந்தான்."

இப்போது மலைக்கிளையில் தகரம் தட்ட யாருமில்லை. நான் நேரத்துக்குத்தான் வேலைக்குப் போகிறேன், முழு நாளும்தான் இருக்கிறேன். ஆனாலும் தினமும் எனக்கு அரைப்பேர் போட்டது போலவே இருக்கிறது.