சம்பந்தியின் தூங்காத லேப்டாப்

"மூடியாச்சு. ஆனா உள்ளே காத்தாடி சுத்துது, கேளுங்க," என்று சம்பந்தி தம் லேப்டாப்பை, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் தொட்டுக் காட்டினார். "பையில வெச்சா பை கொதிக்குது. ரெண்டு மணி நேரத்துல பேட்டரி காலி. நாளைக்கு இதைத் தூக்கிட்டுத்தான் அச்சகத்துக்குப் போகணும். என் புத்தகமே இதுக்குள்ளதான் இருக்கு."

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்தார். முப்பது வருடம் நிலம் அளந்த முதுகு, வளைந்து பழக்கமில்லை. மகளைக் கொடுத்த இடத்திலிருந்து ஒரு குறையோடு வந்தவர்களை, அந்தக் குறையோடே திருப்பி அனுப்பிய குடும்பமும் அல்ல அவருடையது.

"லினக்ஸ்தானே? எங்க மருமக ஆஸ்பத்திரியில நாற்பது கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிறா. டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவா."

"மாமா, பார்க்காம வாக்குக் கொடுக்காதீங்க," என்றாள் மருமகள் மெல்ல.

"கொடுத்தாச்சும்மா."

அவள் திறந்து பார்த்தாள். மூடினால் என்ன செய்யவேண்டும் என்ற இடத்தில் 'ஒன்றும் செய்யாதே' என்றிருந்தது. 'தூங்கு' என்று மாற்றி மூடினாள். விளக்கு அணைந்தது. பெரியவர் மீசையில் கை வைத்தார். வைத்த கையை எடுப்பதற்குள் காத்தாடி மறுபடி சுற்றியது.

"கோழித் தூக்கம்," என்றார் சம்பந்தி.

"மவுஸ், நெட்வொர்க்னு ஏதாவது ஒண்ணு தட்டி எழுப்பும். எழுப்புற அதிகாரத்தையே பிடுங்கிடறேன்."

பிடுங்கினாள். இம்முறை லேப்டாப் அடித்துப்போட்டதுபோல் தூங்கியது. விசையைத் தட்டினாலும் அசையவில்லை, மூடியைத் திறந்தாலும் அசையவில்லை.

"எழுந்திருக்கணுமில்ல?" என்றார் சம்பந்தி.

"எழுப்பத்தான் இப்ப யாருக்கும் அதிகாரம் இல்லையே!" என்று பெரியவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி தூரம் வந்து திரும்பிப் போனது.

பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைத்து, மறுபடி உயிர் கொடுத்தாள். புத்தகம் பத்திரமாக இருந்தது. அவள் நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அந்த நிதானம் விலைக்குக் கிடைக்காது என்று பெரியவர் எண்ணிக்கொண்டார்.

வேறு வகைத் தூக்கம் ஒன்று உண்டாம். அதை வைத்தாள். சம்பந்தி சோதித்துப் பார்க்க முன்னுரையில் நான்கு வரி தட்டினார். ஐந்தாவது வரி நடுவில், மூடி திறந்திருக்கும்போதே, திரை இருண்டது.

"நான் எழுதறதைப் பார்த்துத் தூங்கிடுச்சுன்னு சொல்ல வர்றீங்களா?"

பெரியவர் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

எப்போது தூங்கியது, எது எழுப்பியது என்றெல்லாம் அந்த எந்திரமே தனக்குள் எழுதிவைக்கும் பதிவு ஒன்று உண்டு. மருமகள் அதைத் திறந்து, வரி வரியாகப் படித்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்பவும் படித்தாள்.

"இதை வேற யாராச்சும் பயன்படுத்துவாங்களா?"

"என் வீட்டுல இதைத் தொடுற ஆள் யாரும்மா? நானே எழுதி, நானே திருத்தி, முன்னூறு பக்கம்!"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா டீ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மருமகள் தான் மாற்றியவற்றை ஒவ்வொன்றாகப் பழையபடியே திருப்பினாள். மூடினாள். காத்தாடி சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னால முடியலை. வந்தபடியே தந்துடறேன். மன்னிச்சிடுங்க."

பெரியவருக்கு யாரோ நடுவீட்டில் செருப்போடு நடந்ததுபோலிருந்தது.

"பரவாயில்லைம்மா," என்று சம்பந்தி பையைத் தோளில் மாட்டினார். "ஆஸ்பத்திரியில நோயாளிங்க பத்திரமாத்தானே இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வண்டி பார்க்கத் தெருவில் இறங்கினார்.

"முடியலைன்னு இந்த வீட்டுல யாரும் சொன்னதில்லை, தெரியுமா?" என்றார் பெரியவர்.

"தெரியும், மாமா."

"தெரிஞ்சுமா சொன்னே?"

அவள் நேராக நின்றாள். தோற்றவர்கள் நிற்கும் நிலை அதுவல்ல என்பது, கோணல் பார்த்தே வேலை செய்த அவர் கண்ணில் பட்டது.

வாசல்வரை போன சம்பந்தியம்மா, தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு விடுவிடுவென்று திரும்பி வந்து மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்னைக் காட்டிக் கொடுக்காம குடும்ப மானத்தைக் காப்பாத்தினியே, மகராசி! மூடினாலும் தூங்காதேன்னு அதுக்குக் கட்டளை போட்டதே நான்தான். அவர் மூடி வெச்சிட்டு அந்தப் பக்கம் போனதும், நான் என் போன் வழியா அதுக்குள்ள போய் ஒவ்வொரு பக்கமா திருத்திட்டு வரேன். அது மட்டும் தூங்கியிருந்தா, அவர் புத்தகம் அவர் எழுதின மாதிரியே வெளியே வந்திருக்குமே!"