தலையாட்டுகிற மாடல்

புது மாடல் வந்த அன்றே பழைய மாடல் செத்துவிட்டது என்று மனதார நம்புகிறவனைப் போல ஓர் ஏமாளி உலகத்தில் கிடையாது. கடைக்காரனே அப்படி நம்பினால் அவனைக் காப்பாற்ற ஆளே இல்லை. நான் அந்த ரகம்.

ராமநாதபுரத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் அப்போது விற்பனையாளனாக இருந்தேன். நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, பெல்ட் மட்டும் மாற்றித் தரச் சொல்வார்கள். நான் துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அண்ணே, இந்த மாடல் செத்துப் போச்சு" என்பேன். பாதிப் பேர் பயந்து போய் சிடி பிளேயர் வாங்குவார்கள். மீதிப் பேர் என்னைத் திட்டிக்கொண்டே எதிர்க்கடைக்குப் போய் பெல்ட் மாற்றிக்கொள்வார்கள்.

இதே வாக்கியத்தை ஒருநாள் வீட்டில் என் அய்யாவிடமும் சொல்லித் தொலைத்தேன். (எங்கள் பக்கம் அய்யா என்றால் அப்பா. முதலாளி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். முதலாளிகூட என்னை இவ்வளவு திட்டியதில்லை.)

அய்யாவுக்குக் காது மந்தம். மதுரையில் எப்போதோ ஒரு காது டாக்டரிடம் காட்டி வாங்கிய மிஷின் ஒன்று வைத்திருந்தார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி, சட்டைப் பையில் இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் கழுத்தோரமாக ஏறி, வலது காதுக்குள் ஒரு குமிழாக முடியும். சத்தத்தை வாங்குகிற மைக் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. அதனால் அய்யாவின் முகத்தைப் பார்த்துப் பேசிப் பிரயோசனம் இல்லை, பையைப் பார்த்துத்தான் பேச வேண்டும். ஊரே அப்படித்தான் பேசியது. வரப்புத் தகராறு, மாமியார் மருமகள் சண்டை, காணாமல் போன வெள்ளாடு எல்லாம் குனிந்து அய்யாவின் நெஞ்சிடம் முறையிடப்பட்டன. வயலில் வெற்றுடம்போடு திரிந்த மனுஷன், மிஷின் வந்த பிறகு பனியனில் பை வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டார்.

அய்யா நாலு ஊருக்குப் பஞ்சாயத்துப் பேசுகிறவர். இரண்டு தரப்பையும் பொறுமையாகக் கேட்பார். தன் முடிவைச் சொல்வார். சொன்ன கையோடு காதிலிருந்து குமிழைக் கழற்றி, வயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிடுவார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யார் தொண்டை கிழியக் கத்தினாலும் அவருக்குக் கேட்காது, கத்துகிறவர்களுக்கும் அது தெரியும். "அவரு வயரக் கழட்டிட்டாரு" என்று சொல்லிவிட்டால், திருவாடானையிலிருந்து கடற்கரை வரைக்கும் அது பத்திரம் எழுதி முடித்த மாதிரிதான்.

இந்த நிலையில்தான் வாசுகி எங்கள் கடைக்கு வந்தாள். உப்பூர்ப் பக்கத்துப் பெண், வாத்தியார் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தன் அப்பாவின் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்து, குமிழ் ஒன்று உடைந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றாள். நான் வழக்கமான முகத்தோடு வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன். அவள் ரேடியோவைத் திருகினாள். அது கணீரென்று செய்தி வாசித்தது.

"செத்தது பேசுது பாருங்க" என்றாள்.

அந்த இடத்திலேயே விழுந்தவன்தான். எழுந்திருக்க ரொம்ப நாளாயிற்று. விசாரித்துப் பார்த்தால் முறையும் சரியாக வந்தது. வீட்டில் சொல்லி, உறவுக்காரர் ஒருவர் மூலமாகக் கேட்கச் செய்து, அவர்களும் சம்மதித்து, பேசி முடித்துத் தட்டு மாற்ற வரச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கும் சம்மதம்தான் என்று அந்த உறவுக்காரர் வந்து சொன்ன அன்று நான் ஒரு கல்யாண வீட்டுக்கான சோற்றைத் தனியாகச் சாப்பிட்டேன்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் என் கண்ணில் அந்த வயர் பட்டது.

பெண் வீட்டுக்காரர் இறால் பண்ணை வைத்திருப்பவர், கார் வைத்திருப்பவர். அவர் வீட்டுக் கூடத்தில் அய்யா வயர் தொங்க உட்கார்ந்திருப்பதையும், வருகிறவர் போகிறவரெல்லாம் அவருடைய பையில் குனிந்து கத்துவதையும் நினைத்துப் பார்த்தேன். எனக்குக் கூசியது. மதுரைக்கு அழைத்துக்கொண்டு போய், காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற புது மிஷின் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டேன். வயர் இல்லை, பெட்டி இல்லை, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அங்கே அளவு பார்த்துக் கொடுத்தவர், முதலில் கொஞ்ச நாள் வீட்டுக்குள் அமைதியாக இருக்கும்போது போட்டுப் பழகட்டும், கூட்டத்துக்கு உடனே போட்டுக்கொண்டு போக வேண்டாம் என்று சொன்னார். எங்கள் கடையில் நானும் இப்படித்தான் ஏதாவது சொல்லி அனுப்புவேன், யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

அய்யாவுக்கு அது பிடிக்கவே இல்லை. பெட்டிதான் நல்லாக் கேக்குதே, இது எதுக்கு என்றார்.

"அந்த மாடல் செத்துப் போச்சுய்யா" என்றேன்.

"நான் இன்னும் இருக்கேன்லே" என்றார்.

ஆனாலும் போட்டுக்கொண்டார். ஒற்றை மகன் ஆசைப்படுகிறானே என்றுதான் போட்டுக்கொண்டார் என்பது இப்போது தெரிகிறது. அப்போது அறிவியல் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இதோடு நிறுத்தியிருக்கலாம். பெண் வீட்டில் "ஆங்? என்னது?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டு மானத்தை வாங்காதீர்கள், விளங்காவிட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டுங்கள் என்று பாடமும் நடத்தினேன். அய்யா அப்போதே சிரித்துக்கொண்டே தலையாட்டினார். விளங்கித்தான் ஆட்டுகிறாரா என்று நான் யோசிக்கவில்லை.

பெண் வீட்டில் நல்ல வரவேற்பு. வாசலிலேயே பெண்ணின் அப்பா ஓடிவந்து, அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மரியாதையாகக் குனிந்து, சட்டைப் பையைப் பார்த்து "நல்லா இருக்கீகளா சம்மந்தி?" என்று உரக்கக் கேட்டார். பையில் மூக்குக்கண்ணாடிக் கூடுதான் இருந்தது. அய்யாவின் புகழ் இங்கேயும் எட்டியிருக்கிறது என்பது எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

கூடத்தில் உட்காரவைத்து அய்யாவின் தோளில் ஒரு பட்டுத் துண்டைப் போர்த்தினார்கள். துண்டின் ஓரம் காதில் உரசியதும் புது மிஷின் "கீய்ய்ங்" என்று விசிலடித்தது. குக்கர் என்று நினைத்து உள்ளே ஒரு அம்மாள் அடுப்பை அணைக்க ஓடினார். பெண்ணின் அப்பா, "செல்போன் அடிக்குது சம்மந்தி, எடுத்துப் பேசுங்க" என்றார். அய்யா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கதவோரம் நின்ற வாசுகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு நெஞ்சில் முதல் இடி விழுந்தது.

அம்மாவைப் பெண்கள் உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். கூடத்தில் நான், அய்யா, எங்கள் உறவுக்காரர்கள் சிலர். தலைக்கு மேலே மின்விசிறி கடகடத்தது. தட்டும் டம்ளரும் உருண்டன. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அய்யா ஒவ்வொருவர் பக்கமும் திரும்பி, சிரித்து, தலையாட்டிக்கொண்டிருந்தார். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. மிஷினுக்குச் செய்த செலவு வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். தனக்கு இருப்பது ஒரே பெண், தனக்குப் பிறகு பண்ணையைப் பார்க்க ஆள் இல்லை, அதனால் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை உப்பூரிலேயே தங்கிவிட வேண்டும் என்றார். பச்சையாகச் சொன்னால் வீட்டோடு மாப்பிள்ளை.

எங்கள் பக்கம் ஒற்றை மகன் வைத்திருப்பவரிடம் யாரும் கேட்கத் துணியாத கேள்வி அது. எல்லாரும் அய்யாவைப் பார்த்தார்கள். அய்யா சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அவரே ஆட்டிய பிறகு யார் பேசுவது? எனக்கோ கால் தரையில் பாவவில்லை. இறாலுக்கும் தேளுக்கும் வித்தியாசம் தெரியாதவன் நான். ஆனால் வாசுகிக்காக அந்தக் குட்டையிலேயே குடியிருக்கவும் தயாராக இருந்தேன். மகனுக்காக அய்யா இவ்வளவு இறங்கி வந்துவிட்டாரே என்று கண்கூட லேசாகக் கலங்கியது.

வெற்றிலைத் தட்டு வந்தது. அதை எடுத்து நீட்டப் போன பெண்ணின் அப்பா, பாதியில் நிறுத்தி அய்யாவையே பார்த்துக்கொண்டு நின்றார். யாருக்கும் காரணம் விளங்கவில்லை. கடைசியில் அவரே கேட்டார்.

"சம்மந்தி இன்னும் வயரக் கழட்டலயே?"

வயரே கிடையாது, இது புது மாடல் என்று நான் துள்ளி எழுந்து அய்யாவின் காதை மடித்துக் காட்டினேன். மிஷின் மறுபடி விசிலடித்தது. பெண்ணின் அப்பா குனிந்து பார்த்தார். புளியங்கொட்டை அளவுக்கு இருந்த அது அவருடைய மனதுக்கு ஒப்பவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, ஒங்க அய்யா வயரக் கழட்டாம சொல்ற வாக்கு வாக்கு இல்லன்னு இந்தப் பக்கமெல்லாம் பேச்சு. என் பொண்ணு வாழ்க்கை. அவரு பெட்டியப் போட்டு ஒருக்காக் கேட்டுட்டு, கழட்டிரட்டும். எனக்கும் நிம்மதி."

அந்தப் பெட்டி வீட்டில் இருக்கிறது, அது பழைய மாடல், செத்துப் போச்சு என்று நான் உளறினேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த அம்மா, தன் மஞ்சப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பெட்டிதான். "எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்" என்றார். அந்த நேரத்தில் பெற்ற தாயை நான் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அய்யா புது மிஷினைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கண்ணாடிக் கூட்டை எடுத்துவிட்டுப் பெட்டியைப் பையில் வைத்தார். குமிழைக் காதில் செருகினார். அவர் முகம் தெளிந்தது. காலையிலிருந்து முதல்முறையாக எங்களோடு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"இப்பச் சொல்லுங்க. இம்புட்டு நேரம் மேல ஓடுற காத்தாடிதான் பேசுச்சு, மனுசப் பேச்சு ஒண்ணும் வெளங்கல" என்றார்.

பெண்ணின் அப்பா குனிந்தார். பைக்குள் நிதானமாக, ஒன்றுவிடாமல், எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். பெட்டி வஞ்சகமில்லாமல் வேலை செய்தது. எவ்வளவோ மிஷின்களின் பழுதைப் பார்த்தவன் நான். இது ஒன்று இன்றைக்கு மட்டும் பழுதாகிவிடக் கூடாதா என்று உப்பூர்ப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். அவரும் பெண் வீட்டு ஊர்க்காரர்தானே, எனக்குச் செவி சாய்க்கவில்லை.

அய்யா முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை. பெண்ணின் அப்பாவுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்கிராதீக. எனக்கும் இருக்கிறது ஒத்தப் பயதான். அவன இங்கன விட்டுட்டுப் போனா, என் பையில பேச அங்கன யாரு இருக்கா?" என்றார்.

பிறகு குமிழைக் கழற்றினார். வயரைச் சுருட்டினார். பைக்குள் போட்டார்.

அய்யா, அய்யா என்று நான் கத்தினேன். எனக்குச் சம்மதம், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று அத்தனை பேர் முன்னாலும் வெட்கமில்லாமல் கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. காதில் வாங்கிக்கொண்ட ஒரே ஆள் வாசுகி. அவள் இந்த முறை சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அய்யாவுக்குப் பக்கத்தில் இடம். ஆர்.எஸ்.மங்கலம் தாண்டியதும் எனக்கு அடக்க முடியவில்லை. அவருடைய பையில் குனிந்து, வாசுகி ரேடியோவைத் திருகியதிலிருந்து ஆரம்பித்து, அவளில்லாமல் நான் என்ன ஆவேன் என்பதுவரை எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். சட்டை நனைந்த பிறகுதான் அய்யா கவனித்தார்.

"என்னலே பையில மொனங்குற? வயருதான் கழட்டியாச்சுல்ல" என்றார்.

மாட்டிக்கொண்டு மறுபடி கேட்பார் என்று பார்த்தேன். மாட்டவில்லை. என் முதுகில் கையை வைத்து, ஊர் வரும்வரைக்கும் எடுக்காமல் இருந்தார். எல்லாமே அவருக்குத் தெரியும் என்று அப்போது தோன்றியது. தெரிந்தும் கழற்றியது கழற்றியதுதான்.

வாசுகிக்கு வேறு இடத்தில் முடிந்தது. அந்த மாப்பிள்ளை வீட்டோடு இருந்து பண்ணையைப் பெரிதாக்கிவிட்டதாகக் கேள்வி. புது மிஷின் எங்கள் அலமாரியில் கிடந்து வீணாயிற்று. அய்யா கடைசிவரை பெட்டியோடுதான் இருந்தார். எனக்குக் கமுதிப் பக்கத்திலிருந்து பெண் அமைந்தது. இந்தக் கதையை என் மனைவிக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்தது அம்மாதான். (மஞ்சப்பைக்காரி.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் எந்தப் புதுச் சாமான் வந்தாலும், பிரிக்கிறதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும். "இது கேக்குற மாடலா, தலையாட்டுற மாடலா?" பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். போன வாரம் என் மனைவி ஏதோ முக்கியமான விஷயம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே எவர் வீட்டு ரேடியோவோ பாடியது. பழைய ரேடியோ, குரலை வைத்தே மாடலைச் சொல்லிவிடுவேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டு என் சட்டைப் பையில் குனிந்து, "உப்பூர் வரைக்கும் போயாச்சா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.