பதினொன்று நாலு தடவை

எண் பிரியர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எதிரே லாரி வந்தால் அதன் எண்ணைப் பார்ப்பாரே தவிர லாரியைப் பார்க்க மாட்டார். பெங்களூரில் பஸ் ஏறி, டிக்கெட் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்து, ஏழால் வகுத்து, பதின்மூன்றால் வகுத்து, எதற்கும் மசியாத பகா எண் என்று கண்டுபிடித்து நிமிர்வதற்குள் இறங்கவேண்டிய அடுகோடி போய் பொம்மனஹள்ளி வந்திருக்கும். "இளீரி சாமி!" என்று கண்டக்டர் கன்னடத்தில் இறங்கச் சொல்லி விரட்டுவார். வருத்தப்படுவாரா? சிரித்துக்கொண்டே இறங்குவார்.

அடுகோடி லேத் பட்டறை பச்சைமுத்து இந்த இனம். நாலு வருஷம் காத்திருந்து வீட்டுக்கு டெலிபோன் வந்தது. மனைவி ரத்தினம்மாள் டெலிபோனுக்குப் பூ வைத்தாள். அவர் எண்ணோடு உட்கார்ந்தார். 5534298. காலண்டரின் பின்பக்கம் முழுக்கக் கணக்கு.

"ரத்னா, பதினொண்ணால வகுபடுது!"

"வகுபடட்டும். சாப்பிட வாங்க."

"ஒரு தடவை இல்லடி, நாலு தடவை! மீதியே இல்ல!"

"தட்டுலயும் மீதி வைக்காதீங்க."

மகள் வித்யாலட்சுமி வேலூரில் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறந்ததும் மருமகன் ரகுராம் ஃபோன் செய்வதாக ஏற்பாடு. இரண்டு நாளாக ரத்தினம்மாள் குழாயடிக்குக்கூடப் போகாமல் டெலிபோன் பக்கத்திலேயே இருந்தாள். அரை மணிக்கொரு தரம் ரிசீவரை எடுத்து உயிர் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. மணிதான் அடிக்கவில்லை.

"மாப்பிள்ளைக்கு நம்பரை ஒழுங்காத்தானே எழுதிக் குடுத்தீங்க?"

"வெறும் நம்பரை யாரும் மறந்துடுவாங்க ரத்னா. அதோட உள்விவரத்தையே குடுத்துட்டேன். ரெண்டு ஒரு தடவை, மூணு மூணு தடவை, ஏழு ஒரு தடவை, பதினொண்ணு நாலு தடவை. எல்லாத்தையும் பெருக்கினா நம்ம வீடு!"

ரத்தினம்மாள் பையில் ஒரு புடவையைத் திணித்து, வேலூர் பஸ்ஸுக்குப் போகச் செருப்பை மாட்டினாள். வாசலில் ரகுராம் நின்றான். தாடியும் தூக்கமில்லாத கண்ணுமாக.

"பையன் அத்தை! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஃபோன் பண்ணத்தான் பார்த்தேன். எஸ்டிடி பூத்துல பின்னாடி பத்து பேர் நின்னு கத்தறாங்க. மூணு தடவை பெருக்கினேன், மூணு நம்பர் வந்துச்சு. ஒண்ணு ஒக்கலிபுரத்துல பேக்கரி. பையன் பொறந்திருக்கான்னு சொல்றேன், கேக் எத்தனை கிலோன்னு கேக்கறான்!"

ரத்தினம்மாள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள்.

"எடை எவ்ளோ மாப்ளே?" என்றார் பச்சைமுத்து.

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது கிராம் மாமா."

அவர் கண் கூரைக்குப் போனது. உதடு அசைந்தது.

"எம் பேரனை வகுத்தீங்கன்னா பாருங்க!" என்று எழுந்தாள் ரத்தினம்மாள்.

நல்லது, நீங்கள் எப்படி? அந்த ஏழு இலக்கத்தை மனசுக்குள் கூட்டினீர்கள்தானே? முப்பத்தாறு வந்ததா? பேரன் எடையையும் பதினொன்றால் வகுத்தாயிற்றா? அப்படியானால் இதைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு, உங்கள் வீட்டு டெலிபோன் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள்.