மாதிரிக் குடும்பம்

ஆய்வுக்குக் காட்ட வைத்திருந்த மாதிரிக் குடும்பத்தில் சண்டை. மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கணவன் போனை அணைத்துவிட்டான்.

செய்தி கேட்ட ஆராய்ச்சியாளர் தன் வீட்டுக்கு ஓடினார். கணவன் வீட்டு வேலையில் பாதியை ஏற்றுக்கொண்டால் மனைவி வேலைக்குப் போகலாம், குடும்ப வருமானம் கூடும், பிள்ளைகளும் நன்றாகப் படிப்பார்கள் என்பது அவருடைய கொள்கை ஆய்வின் முடிவு. நிறுவனத்தில் எல்லோருடைய வேலையும் அதை நம்பித்தான் இருந்தது. அப்படி ஒரு வீட்டை நேரில் பார்க்க, நிதி கொடுக்கும் தலைமை அலுவலகத்தின் புது அதிகாரியம்மா மதியம் வருகிறார்.

"நம்ம வீட்டையே காட்டிடலாமா?" என்று மனைவியிடம் கெஞ்சினார்.

"காட்டுங்க. புருஷனுக்கு எங்க போறது?"

"நான் இல்லையா?"

"ஆராய்ச்சியாளர்னு அவங்களைக் கூட்டிட்டு வரப்போறதே நீங்கதானே!"

வேலை தேடும் சாக்கில் ஒரு வாரமாக அங்கேயே தங்கியிருந்த மச்சினன் சோபாவிலிருந்து எழுந்தான். "புருஷன்தானே மாமா வேணும்? நான் இருக்கேன்."

"டேய், நான் உன் அக்காடா!"

"ஒரு மணி நேரத்துக்குத்தானேக்கா."

அதிகாரியம்மா வந்து உட்கார்ந்ததும், உள்ளேயிருந்து ஓடி வந்த மகள் ஆராய்ச்சியாளரின் காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பா!"

"ஆய்வுக்காக அடிக்கடி வருவேனா... குழந்தை ஒட்டிக்கிச்சு மேடம்" என்று அவர் அசடு வழிந்தார்.

அதிகாரியம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மூக்கும் ஒட்டிக்கிச்சு போல."

மகளை உள்ளே அனுப்பி மூச்சு விடுவதற்குள், மச்சினன் எழுந்து, "காபி போடட்டுமாக்கா?" என்றான்.

"மனைவியையா அக்கான்னு கூப்பிடறார்?"

"மரியாதைங்க!" என்று பாய்ந்தார் ஆராய்ச்சியாளர். "வேலையைப் பகிர்ந்துக்கிற வீட்டுல மரியாதை தானா வந்துடும். அறிக்கையில தனி அத்தியாயமே இருக்கு."

இல்லாத அந்த அத்தியாயத்தை அனுப்பி வைக்கச் சொன்னார் அதிகாரியம்மா. பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. வீட்டுக்காரர் நிஜமாவே உதவி செய்யறாரா?"

மனைவியின் பார்வை நேராக ஆராய்ச்சியாளர் மேல் போய் நின்றது. "என் வீட்டுக்காரரா? ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவார். சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்க மாட்டார்."

 எல்லாம் முடிந்தது என்று ஆராய்ச்சியாளர் தன் பையை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் மச்சினன் வாயைத் திறந்தான். "முன்னாடி அப்படித்தான் மேடம் இருந்தேன். அந்தக் கோபம் இவளுக்கு இன்னும் போகலை. இப்ப காலையில பாத்திரம் என்னுது, குழந்தைக்குத் தலை வாரி விடறது என்னுது. சாயங்காலம் வீட்டுப்பாடம் முடிச்சுட்டுத்தான் டிவியே. இவ வேலைக்குக் கிளம்பறப்போ வாசல் வரைக்கும் போய் வழியனுப்புவேன்." சொல்லும்போது அவன் குரல் லேசாகத் தழுதழுத்தது. காபி போட்டுக் கொடுத்து, குடித்த டம்ளரை அவனே கழுவியும் வைத்தான்.

தம்பிக்குக் குழாயைத் திறக்கத் தெரியும் என்பதே அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது.

அதிகாரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வருஷா வருஷம் ஒவ்வொரு ஊர்லேர்ந்தும் இதே முடிவுதான் வருது. அதெப்படி எல்லா ஊர்லயும் ஒரே மாதிரின்னு எனக்குச் சந்தேகமாவே இருந்தது. இன்னைக்கு நேர்லயே பார்த்துட்டேன். உங்க ஆய்வு தொடரட்டும்."

ஆராய்ச்சியாளருக்கு மச்சினனைக் கட்டியணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதிகாரியம்மாவின் பையை எடுக்க உள்ளே வந்தார் டிரைவர். தலைமை அலுவலகத்திலிருந்து யார் ஆய்வுக்குப் போனாலும் வண்டி ஓட்டுவது அவர்தான். மச்சினனைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, நீங்களாண்ணே! போன வருஷம் அந்த ஊர்ல வேற அண்ணியில்ல இருந்தாங்க?"