வானுக்குப் பத்தியம்

பரந்தன் கராஜில இருந்து வெளிய வரேக்க வீரகத்தியின்ர முகத்தைப் பாத்த ஆரும், இந்த வயசில மனுசனுக்கு ரெண்டாந்தரம் கலியாணம் பேசியாச்சோ எண்டுதான் நினைச்சிருப்பினம். அப்பிடி ஒரு பூரிப்பு. ஆனால் புதுசா ஒண்டு வந்தது அவருக்கில்லை, அவற்ர வானுக்கு.

பழைய டொல்பின் வான். பின்சில்லு ரெண்டுக்கும் நடுவில உருண்டையாத் தொங்குமே டிப்ரென்சல், அது கனகாலமா ஊளையிட்டுக்கொண்டு கிடந்தது. முரசுமோட்டையில வீரகத்தி வெளிக்கிட்டால் பரந்தனில நாயள் எழும்பிப் பதில் குடுக்கும். அந்த உருண்டையைக் கழட்டி, உள்ளுக்க தேஞ்சு கிடந்த பல்லுச் சக்கரம் எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டு, புதுப் பல்லுக் கட்டிவிட்டிருந்தார் கராஜ்கார அப்புத்துரை.

பூரிப்பு அந்தப் பல்லாலயும் வரேல்ல. வான் திறப்பைக் கையில குடுக்கேக்க அப்புத்துரை சொன்ன ஒரு கதையால வந்தது.

"அண்ணை, ஐநூறு கிலோமீற்றர் மட்டும் மெல்லமா ஓடுங்கோ. பாரம் ஏத்தாதேங்கோ. கொஞ்சத் தூரம் ஓடினால் நிப்பாட்டி ஆற விடுங்கோ. ஐநூறு முடிய வாங்கோ, ஒயில் மாத்திவிடுறன்."

முதல்ல வீரகத்தி விடேல்ல. புதுச் சாமானைக் காசு குடுத்து வாங்கிறதே உடன ஓடத்தானே, அதுக்கு என்ன பழக்கமும் வழக்கமும் எண்டு கேட்டார். அப்புத்துரை கையைத் துடைச்சுக்கொண்டு, புதுச் செருப்புப் போட்டால் கடிக்குமோ இல்லையோ எண்டு திருப்பிக் கேட்டார். கடிக்கும் எண்டார் இவர். அந்தச் செருப்போட முதல் நாளே கதிர்காமத்துக்கு நடப்பியளோ எண்டார் அவர். புதுப் பல்லும் அப்பிடித்தானாம். ஒண்டை ஒண்டு உரசி, வழுவழுப்பாகி, ஒண்டின்ர குணம் மற்றதுக்குப் பிடிபடவேணும். அதுக்குமுதல் பாரம் ஏத்தி இழுத்தால் சூடேறி, ஒயில் கருகி, பல்லுக் கெட்டுப்போகும்.

இதில மிச்சம் ஒண்டும் வீரகத்தியின்ர காதில விழேல்ல. 'பாரம் ஏத்தாதேங்கோ' எண்ட இடத்திலயே அவர் நிண்டிட்டார்.

ஏனெண்டால், வாற ஞாயிறில்லை, அதுக்கு அடுத்த ஞாயிறு உடையார்கட்டில குடிபூரல். மனுசி கமலாசனியின்ர தங்கச்சி ராஜினி புது வீடு கட்டிக் குடிபோறா. சோறு காய்ச்சிற கிடாரம் ரெண்டு, கதிரை ஒரு அடுக்கு, வாழைக்குலை, சொந்தக்காரர், அவையின்ர பையள், எல்லாம் அத்தானின்ர வானிலதான் வரும் எண்டு எப்பவோ முடிவாகிட்டுது. அத்தானைத் தவிர மற்ற எல்லாரும் இருந்து கதைச்சு எடுத்த முடிவு. அதே ஞாயிறுதான் கிளிநொச்சிப் பக்கம் மாட்டுவண்டிச் சவாரி. சவாரி எண்டால் வீரகத்திக்குச் சோறு தண்ணி வேண்டாம். திடலில மாடு ஓடினால், இஞ்சால கரையில இவரும் சேந்து ஓடுவார். மாட்டுக்காவது கடைசியில பரிசு கிடைக்கும்.

கமலாசனியின்ர ஆக்களுக்காக அந்த வான் ஓடின ஓட்டத்துக்கு, பஸ்ஸெண்டால் இதுக்குள்ள ரூட் பெமிற் குடுத்திருப்பினம். இந்த முறை ஏலாது. அந்த ஞாயிறு என்ர ஞாயிறு எண்டு வான் திறப்பில சத்தியம் பண்ணிக்கொண்டு மனுசன் வீட்ட போனார்.

செத்தவீட்டால வாற முகத்தை வைச்சுக்கொண்டு குசினி வாசலில நிண்டு அப்புத்துரை சொன்னதைச் சொன்னார். சொல்லாததையும் சொன்னார். ரெண்டு பேருக்கு மேல ஏறக் கூடாதாம். அதிலயும் பெருத்த ஆக்கள் அறவே கூடாதாம். பாத்திரம் பண்டம் ஏத்தினால் அந்த அதிர்ச்சியைப் புதுப் பல்லுத் தாங்காதாம். விட்டால், பொதுவாக் குடிபூரல் வீடுகளுக்குப் போறதே வானுக்குக் கூடாது எண்டும் சொல்லியிருப்பார்.

கமலாசனி தேங்காய் துருவுறதை நிப்பாட்டேல்ல.

"போன போகம் ரைக்டருக்கும் உந்தப் பல்லுத்தானே மாத்தினது. அடுத்தநாள் விடிய வயலுக்க இறக்கினனீங்கள்."

"அது ரைக்டர். அது பிறந்ததே மெல்லமாப் போகத்தான்."

கமலாசனி யன்னலால வானை ஒருக்காப் பாத்தா. இவரையும் ஒருக்காப் பாத்தா.

"அப்ப பிள்ளைப் பெத்தவளுக்குப் பத்தியம் மாதிரியெண்டு சொல்லுங்கோவன்."

"அதேதான். நீர் கெட்டிக்காரியப்பா."

அந்த இடத்தில நாக்கைக் கடிச்சிருக்கவேணும், கடிக்கேல்ல. பத்தியம் காக்கிறதில கமலாசனியை வெல்ல இரணைமடுத் தண்ணி பாயிற இடம் முழுக்கத் தேடினாலும் ஆளில்லை. மூத்தவள் யதுர்ஷிகாவுக்குப் பிள்ளை பிறக்கேக்க தாய்க்காரி காத்த பத்தியத்தில, பிள்ளைப் பெறாத மருமோனும் நாலு கிலோ மெலிஞ்சு போனார்.

"சரியப்பா," எண்டா கமலாசனி. சண்டை இல்லை, கண்ணீர் இல்லை, தங்கச்சியின்ர பேர்கூட வரேல்ல. முப்பது வருசம் குடும்பம் நடத்தின மனுசன் அந்தச் 'சரியப்பா'வைக் கேட்டுப் பயந்திருக்கவேணும். இவர் போய் நல்லா நித்திரை கொண்டார்.

முதல் ஞாயிறு விடிய முகம் கழுவிப்போட்டு வந்து பாத்தால், வானுக்கு முன் சீற்றில கமலாசனி. நல்ல சீலை, மடியில ஒரு சுடுதண்ணிப் போத்தல்.

எங்க வெளிக்கிட்டனீர் எண்டு கேட்டார் வீரகத்தி. ராஜினியிட்ட எண்டா அவா. குடிபூரலுக்கு வான் வராதெண்டதைப் போனில சொல்லேலுமோ? வரச்சொல்லிறதெண்டாலும் நேர போய்ச் சொல்லவேணும், வரேலாதெண்டாலும் நேர போய்ச் சொல்லவேணும். இல்லாட்டி 'வாசல்படி மிதிச்சு ஒரு சொல்லுச் சொல்லேல்ல' எண்டு அடுத்த தலைமுறை மட்டும் கதை கிடக்கும். அது வீரகத்திக்கும் தெரியும். அந்தக் காரணத்துக்காகத் தன்ர பகுதியில ரெண்டு வீட்டோட அவரே கதைக்கிறேல்ல.

"நாங்கள் ரெண்டு பேர்தானே, பாரமில்லை. மெல்லமா விடுங்கோ."

மெல்லமாத்தான் விட்டார். நாப்பதுக்கு மேல முள்ளு ஏறினால் கமலாசனி தொண்டையைச் செருமினா. பனங்கிழங்குக் கட்டோட சைக்கிளில போன ஒரு ஆள் இவையைத் தாண்டிப் போய், திரும்பிப் பாத்து, வான் பழுதோ எண்டு இரக்கமாக் கேட்டிட்டுப் போச்சுது.

புளியம்பொக்கணை வந்ததும், "நிப்பாட்டுங்கோ, ஆறட்டும்," எண்டா கமலாசனி. நிப்பாட்டினது சரியாத் தன்ர பெரியம்மா வீட்டு வாசல் படலையில. இறங்கி, சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிஞ்சு வானுக்குக் கீழ கையை விட்டு டிப்ரென்சலைத் தொட்டுப் பாத்தா. காய்ச்சல்காரப் பிள்ளையின்ர நெத்தியைத் தொடுற மாதிரி.

"சுடுது."

உள்ளுக்க போய் இருந்தினம். பெரியம்மா தன்ர முழங்காலைப் பற்றிச் சொன்னா. வலதைச் சொல்லி முடிய இடதைத் துவங்கினா. தேத்தண்ணி வந்தது, பனங்கட்டி வந்தது. வீரகத்தி மெல்ல எழும்பிப் போய்த் தொட்டுப் பாத்தார். டிப்ரென்சல் குளத்துத் தண்ணி மாதிரிக் குளுந்து கிடந்தது. வந்து சொன்னார். கமலாசனி போய்த் தொட்டிட்டு, இன்னும் ஆறேல்ல, மண்வெட்டி பிடிச்ச கைக்குச் சூடு தெரியாது எண்டு தீர்ப்புச் சொன்னா. பெரியம்மா இடது முழங்காலைத் தொடந்தா.

விசுவமடுவில அடுத்த ஆறல், கமலாசனியின்ர தம்பியார் வீட்டில. அவருக்குக் கூரையில ஓடு மாத்த ஒராள் தேவைப்பட்டுது. அத்தான் சும்மாதானே இருக்கிறார் எண்டு ஏணியைச் சாத்திவிட்டார். நல்ல உச்சி வெய்யில். கீழ வான் ஆறிச்சுது, மேல வீரகத்தி அவிஞ்சார்.

உடையார்கட்டில ராஜினி ஒரு சொல்லுக் கோவிக்கேல்ல. வானுக்குச் சுகமில்லாட்டி அத்தான் என்ன செய்வார் எண்டு அவாதான் இவரைத் தேற்றினா. சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் வைச்சா. கறி எண்டால் கறி. வீரகத்தி மூண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டுப்போட்டு, இந்தச் சனத்தில பிழை ஒண்டுமில்லை, இவை கிட்ட இருக்கிறதுதான் பிழை எண்டு நினைச்சார்.

திரும்பி வரேக்க அதே விசுவமடு, மிச்ச ஓடு. அதே புளியம்பொக்கணை, மிச்ச முழங்கால்.

படலைக்க வானை விட்டதும் கமலாசனி எட்டி மீற்றரைப் பாத்தா. இண்டைக்கு அம்பதுதான் ஓடியிருக்கு, தனிய விட்டால் உங்களுக்குப் பத்தியம் காக்கத் தெரியாது, ஐநூறு முடியுமட்டும் நானும் கூட வாறன் எண்டா. நாளைப் பின்னேரம் கண்டாவளையில மாமி வீடு. நாளையிண்டைக்குத் தருமபுரத்தில சித்தப்பா வீடு. அங்கால வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு. கமலாசனியின்ர சொந்தம் பரந்தனில துவங்கினால் முல்லைத்தீவுக் கடலடியிலதான் முடியும். கடல் இருந்தபடியால்தான் அங்கயாவது முடிஞ்சது.

திங்கள் போச்சுது. மாமிக்குக் கண்ணில பூவாம், தூரத்தில ஆக்களைத் தெரியேல்லையாம். கிட்ட இருந்த வீரகத்தியை நல்லாத் தெரிஞ்சுது. செவ்வாயும் போச்சுது. சித்தப்பா காணி வழக்கைத் துவக்கத்தில இருந்து சொன்னார். வான் ஆறின பிறகும் வழக்கு ஆறேல்ல.

செவ்வாய் இரவு பாயில கிடந்து வீரகத்தி யோசிச்சார். இந்தப் போக்கில போனால் அறுவடைக்கும் ஐநூறு வராது. சவாரிக்கு முதல் கமலாசனியின்ர சொந்தத்தில தனக்கு உயிர் போகும். இந்தக் கண்டத்தால தப்ப ஒரே வழிதான் கிடக்கு. மனுசி கூட வராத நேரத்தில, ஆற ஒரு சொந்தக்கார வீடும் இல்லாத இடத்தில, ஐநூறையும் ஓடி முடிக்கிறது. பத்தியம் முடிஞ்சால் கூட்டு முடிஞ்சுது. இந்த யோசினை எங்க இருந்து வந்ததெண்டு தன்ர மூளையை நினைச்சு அவருக்கே பெருமையாக் கிடந்தது.

புதன் விடியவெள்ளாப்பில எழும்பி, வயல் பாத்திட்டு வாறன் எண்டார். கால்நடையாப் போற வயலுக்கு வான் ஏனெண்டு கமலாசனி கேக்கேல்ல. போத்தலில தேத்தண்ணி விட்டுக் குடுத்தா.

முரசுமோட்டையால தருமபுரம், தருமபுரத்தால பரந்தன், திரும்பப் பரந்தனால தருமபுரம். இடையில வாய்க்கால் மதகில நிப்பாட்டி வானை ஆற விட்டு, கொக்கைப் பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிச்சார். முழங்கால் இல்லை, வழக்கு இல்லை. வான் ஊளையில்லாமல் தண்ணியில வாத்துப் போற மாதிரிப் போச்சுது. வியாழனும் அப்பிடி, வெள்ளியும் அப்பிடி. வீரகத்தியின்ர மாடு காணாமல் போட்டுதாக்கும் எண்டு சனம் கதைச்சுது. ஒரு மனுசி மரக்கறிக் கூடையோட கை காட்டி மறிச்சு, சந்தைக்கு எவ்வளவு எடுப்பியள் எண்டு கேட்டுது. வெள்ளி பின்னேரம் கமலாசனி, "டீசல் அடிச்சது காணுமோப்பா?" எண்டு மட்டும் கேட்டா. பாவம், ஒண்டும் தெரியாத சீவன் எண்டு இவருக்கு மனம் இளகிப்போச்சுது. அந்த மூண்டு நாளும் ஒரு சொந்தக்கார வீட்டுக்கும் போவமெண்டு அவா வாய் திறக்கேல்ல எண்டதை அவர் கவனிக்கேல்ல.

சனி மத்தியானம் மீற்றரில ஐநூறு விழுந்தது. வீரகத்தி நேர கராஜுக்கு விட்டார். அப்புத்துரை புது ஒயில் கானைத் திறந்து வைச்சு, பழசு பிடிக்கத் தாச்சியும் எடுத்து வைச்சுக்கொண்டு வாசலில நிண்டார்.

"நான் வாறதெண்டு ஆர் சொன்னது?"

"அக்காதான் விடிய போன் எடுத்தவா. இண்டைக்கு அண்ணைக்கு ஐநூறு முடியும், ஒயிலோட நில்லுங்கோ எண்டு."

வீரகத்தி மீற்றரைத் திரும்ப ஒருக்காப் பாத்தார். அப்புத்துரை வடிச்ச ஒயிலைத் தாச்சியில காட்டினார். வெள்ளித் தூள் மாதிரி மினுங்கிச்சுது. புதுப் பல்லு உரசி விட்ட தூளாம். இவ்வளவு நாள் கராஜ் வைச்சிருக்கிறன், இப்பிடிப் பத்தியம் காத்த வானொண்டு கண்டதில்லை எண்டார். இனி என்ன பாரமெண்டாலும் ஏத்துங்கோ, மலையைக் கட்டினாலும் இழுக்கும் எண்டு வானின்ர முதுகில தட்டிவிட்டார்.

அந்தத் தட்டு வீரகத்தியின்ர முதுகிலதான் விழுந்தது. ஐநூறு முடிஞ்சால் மனுசி கூட வரமாட்டா எண்டு மட்டும் யோசிச்ச மனுசன், ஐநூறு முடிஞ்சால் பாரம் ஏத்தலாம் எண்டதை முரசுமோட்டைச் சந்தியிலதான் யோசிச்சார். வானை இருபதில விட்டார். எவ்வளவு மெல்லமா விட்டாலும் வீடு வந்தது.

வீட்டு முத்தத்தில கிடாரம் ரெண்டு, கதிரை ஒரு அடுக்கு, வாழைக்குலை. அடுக்கில மேல இருந்த கதிரையை இறக்கிப் போட்டுப் புளியம்பொக்கணைப் பெரியம்மா இருந்தா. இவரைக் கண்டதும் முழங்காலையும் மறந்து எழும்பி வந்து ரெண்டு கையையும் பிடிச்சா. கண் கலங்கிப் போச்சுது.

"தம்பி, ராஜினியின்ர குடிபூரலுக்கு வான் வேணுமெண்டு, விடிய விடிய எழும்பி ஓடிப் பழக்கினீராம். கமலாசனி எல்லாருக்கும் சொல்லிப்போட்டாள். பெத்த பிள்ளையும் இப்பிடிச் செய்யாதப்பா."

பின்னால விசுவமடுத் தம்பியார் தலையாட்டினார். ராஜினி போனில அழுததாகவும் சொன்னார். வீரகத்திக்குச் சவாரி எண்ட சொல்லு நாக்கு நுனி மட்டும் வந்து, அத்தனை பேரின்ர அன்பையும் கண்டு திரும்பிப் போச்சுது. உள்ளதைச் சொன்னால், அவருக்குக் கொஞ்சம் சந்தோசமாவும் கிடந்தது. இவ்வளவு நல்ல மனுசன் தானெண்டு அவருக்கே இப்பத்தான் தெரியும். மெல்லக் கண்ணை உயத்தி மனுசியைத் தேடினார்.

கமலாசனி வானின்ர பின்கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டா.

"கிடாரத்தை ஓரமா வையுங்கோப்பா, பெரியம்மா கால் நீட்டவேணும்."