கோமதியின் பெட்டியும் நாலாவது புத்தகமும்

தென்காசி,
24-7-1961

திருச்சினாப்பள்ளியில் இருக்கும் மைத்துனன் சிரஞ்சீவி ஞானசம்பந்தத்துக்கு, அத்தான் நம்பிராஜன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவைத் திறந்தேன். திறந்த பிறகு கை ஓடவில்லை. இவ்விடம் க்ஷேமமா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆறு நாளாக அலைந்துகொண்டிருக்கிறேன். உறுதியாக எழுதக்கூடியது மழை விவரம் ஒன்றுதான்: சாரல் நன்றாக இருக்கிறது, அருவியில் நல்ல தண்ணீர், வீட்டில் துணி காயவில்லை.

விஷயம் உன் அக்காள் கோமதியைப் பற்றியது. பதறாதே. பதற வேண்டிய விஷயமா என்று எனக்கே தெரியாது, தெரிந்தால் இருவரும் சேர்ந்தே பதறலாம். ஒரு மாதமாக அவள் மாவு ஆட்டும்போது பாதியில் எழுந்துபோய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறாள். போன செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டு ஹைருன் பீவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இந்த ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் லேடி டாக்டர் ஞானபாக்கியத்திடம் போய்வந்தாள். வரும்போது கையில் ஒரு மருந்துப் புட்டி, வேளைக் கணக்குத் தெரிய காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டியிருப்பார்களே அது, அப்புறம் ஒரு பழுப்புக் கவர். கவரைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினாள். சாவிக்கொத்து வழக்கம்போல் இடுப்பில். பிறகு என்னைப் பார்த்து, "சோறு எடுத்து வைக்கட்டுமா?" என்றாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவள் புருஷனிடம் சொல்லுகிற முதல் வார்த்தையா இது?

நேராகக் கேட்டிருக்கலாமே என்பாய். முப்பத்திரண்டு வருஷம் சப் ரிஜிஸ்திராராக இருந்தவன் நான். வாயால் சொன்னதை நம்பி ஒரு சென்ட் நிலத்தைக்கூட நான் பதிந்ததில்லை. எதுவானாலும் ரிக்கார்டைப் பார்க்க வேண்டும். மேலும் முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் நான் அவளிடம் உடம்பு எப்படி என்று கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. திடீரென்று கேட்டால் பயந்துவிடுவாளே என்றும் நினைத்தேன். உள்ளதைச் சொன்னால், பயந்தது நான்தான்.

ஆகவே புதன்கிழமை காலை, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டாக்டரம்மாள் கிளினிக்குக்குப் போனேன். பெஞ்சு முழுக்கப் பெண்கள். நான் ஒருத்தன் மட்டும் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு இங்கன என்ன சோலி?" என்று கேட்டாள். கம்பவுண்டரிடம் மெதுவாக விசாரித்தேன். அவன் நோட்டைப் பிரித்து, "பேரு கோமதியம்மாள். அதுக்கு மேல டாக்டரம்மாட்ட கேளுங்க" என்றான். பெயர் எனக்கும் தெரியும்.

டாக்டரம்மாளுக்கு முப்பது வயது இருக்கும். நாற்காலி போடச் சொன்னாள், மரியாதையில் குறை இல்லை. நான் இன்னார், இன்னாருடைய புருஷன், என் மனைவியின் வியாதி என்ன என்று தெரிவிக்க வேண்டும் என்றேன். வேண்டுமானால் மனு எழுதிக் கொடுக்கிறேன், முறைப்படி நகல் கொடுத்தால் போதும் என்றும் சொன்னேன்.

"அவங்க உங்ககிட்ட சொல்லச் சொல்லலையே சார்" என்றாள்.

"சொல்லக் கூடாதுன்னு சொன்னாளா?"

"அதுவும் சொல்லல. நீங்களே அவங்ககிட்ட கேட்டா என்ன?"

இது ஒரு டாக்டர் சொல்லுகிற பதிலா, நீயே சொல். நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். எங்கள் ஆபீசில் ஒன்றாவது புத்தகம் என்று ஒன்று உண்டு. அதில் வீடு, நிலம் சம்பந்தமான பத்திரங்கள். யார் மனுப் போட்டாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். சர்க்காரே அப்படித் திறந்து வைத்திருக்கும்போது, புருஷனிடம் மூடி மறைக்க என்ன இருக்கிறது என்றேன். அந்தப் பெண் கவனமாகக் கேட்டுவிட்டு, "எல்லாப் புத்தகமும் அப்படித்தானா சார்?" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. நாலாவது புத்தகம் என்று ஒன்று இருக்கிறது, அதில் உள்ளதை எழுதிக்கொடுத்தவர்களுக்கும் அவர்களுடைய ஏஜெண்டுக்கும்தான் காட்டுவோம் என்றேன்.

"அப்ப இத நாலாவது புத்தகம்னு வச்சுக்கோங்க" என்று சொல்லி மணியை அடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை வேறு வழி தேடினேன். கோமதி கோயிலுக்குப் போன நேரத்தில் புட்டியிலிருந்து ஒரு வேளை மருந்தை என் பேனா மசி இருந்த காலிக் கூட்டில் ஊற்றிக்கொண்டு, குறைந்த அளவுக்குப் பானைத் தண்ணீரை விட்டு நிரப்பிவிட்டு, மருந்துக் கடை பரீதிடம் போனேன். பரீது கைராசிக்காரர், மூக்கில் வைத்தே மருந்தைச் சொல்லிவிடுவார். மோந்து பார்த்தார், விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "இது பொம்பளையாளுகளுக்குக் குடுக்குத மருந்துல்லா அண்ணாச்சி. யாருக்கு?" என்றார். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கோமதியின் பெயரைக் கடைவீதியில் இழுத்துவிட எனக்கு மனசில்லை. அதனால், "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

பரீது கூட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அடியில நீலமா என்னமோ கெடக்கு. எனக்கு இருவத்தஞ்சு வருசப் பழக்கம், இப்படி ஒரு மருந்தப் பாத்ததே கெடையாது. பெரிய சீக்குக்குத்தான் இதெல்லாம் சேர்ப்பாக" என்றார். வீடு வரைக்கும் எப்படி வந்தேன் என்று தெரியாது. அந்த நீலம் என்னுடைய மசிதான் என்பது மறுநாள் பல் விளக்கும்போதுதான் புத்தியில் பட்டது. அதுவரைக்கும் நான் பட்ட பாட்டை எழுதினால் இந்தத் தாள் போதாது. சம்பந்தம், இந்த வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. பால்காரன் பெயர் தெரியாது. அவள் இல்லாமல் போனால் எனக்கு என்னென்ன தெரியாது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டே கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து, "காப்பி ஆறிப் போச்சு" என்று சொல்லிவிட்டு வேறு காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எனக்குப் பெண்களுக்கு வரும் வியாதி ஒன்று வந்திருப்பதாகவும், அதற்கு நீல மருந்து சாப்பிடுவதாகவும் கடைவீதி முழுக்கப் பேச்சாம். என் பழைய ஆபீஸ் குமாஸ்தா ரொட்டியும் சாத்துக்குடியும் கொண்டுவந்தார். புளியங்குடி கமிஷன் மண்டிக்காரர் ஒருவர், முன்பு எப்போதோ ஒரு பத்திரம் பதிந்துகொடுத்த விசுவாசத்தில், ஒரு சாக்கு எலுமிச்சம்பழத்தை லாரியில் போட்டு அனுப்பிவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்தே பேசினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் உடம்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இவர்கள் எப்படிப் பேசலாம்?

சனிக்கிழமை சுரண்டையிலிருந்து என் சித்தப்பா மகன் சொரிமுத்து வந்தான். அவன் எதையும் விசாரிக்கிற ஆள் இல்லை, தூக்கிக்கொண்டு போகிற ஆள். "குத்தாலத்துத் தண்ணிக்கு மிஞ்சின மருந்து என்னண்ணே இருக்கு?" என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அங்கே பாறையில் உட்காரவைத்து எண்ணெய் தேய்க்கிறவனிடம் அவன் காதோடு ஏதோ சொன்னான். தேய்க்கிறவனுக்குக் காதோடு பேசுகிற பழக்கம் இல்லை. "சாருக்கு அந்தச் சீக்கா? அப்பம் வயித்துக்குக் கீழ அழுத்தித் தேய்க்கக் கூடாதுல்லா!" என்று அருவிச் சத்தத்துக்கும் மேலே கத்தினான். சீசன் கூட்டம், மெயின் அருவிக்குக் கீழே தலை நுழைக்க இடமில்லை. சொரிமுத்து முன்னால் போய், "வழி விடுங்கலே, சொகமில்லாத ஆளு!" என்றான். அத்தனை கூட்டமும் விலகி வழி விட்டது. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் எனக்கு யாரும் அப்படி ஒதுங்கி நின்றதில்லை. அரை மணி நேரம் நின்றேன். வீடு வந்து சேரும்போது நல்ல காய்ச்சல்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கம்பளிக்குள் கிடந்தேன். அப்போதும் விசாரிக்க ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். வாசலில் கோமதி அவர்களுக்குப் பதில் சொல்லுவது உள்ளே எனக்குக் கேட்டது. "அண்ணாச்சிக்கு என்ன சீக்கு, எங்ககிட்ட மட்டுமாவது சொல்லுங்க" என்று குமாஸ்தாவின் மனைவி குழைந்து குழைந்து கேட்டாள். "அவுக ஒடம்புச் சமாச்சாரம். அவுக சொன்னா உண்டு, நான் சொல்லுததுக்கு இல்ல" என்றாள் கோமதி. காய்ச்சல் கண்டவனுக்கு வாசலில் நடப்பதெல்லாம் எப்படித்தான் காதில் விழுகிறதோ.

சாயங்காலம் ஹைருன் பீவி கஞ்சி கொண்டுவந்தாள். கோமதி அடுப்படியில் இருந்தாள். இதுதான் சமயம் என்று நான் தலையை மட்டும் வெளியே நீட்டி, "டாக்டரம்மா என்ன சொன்னாள்னு உனக்குத் தெரியும். சொல்லிரு" என்றேன். அவள் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"பன்னெண்டு வருசத்துக்கு முன்ன, எங்க வாப்பா வீட்டுல எனக்குள்ள பங்க நான் எழுதிக் குடுத்தப்ப, ஆபீசுக்கு வர முடியாதுன்னு நீங்கதான எங்க வீட்டுக்கு வந்திய? அன்னைக்கி நல்ல சாரல். எங்க மாப்பிள்ளையத் தெருவுல போயி நில்லுங்கன்னுட்டிய. கொடகூட எடுக்க விடல."

அது வாஸ்தவம். அவள் புருஷன் அகமது கபீர் அன்று முழுக்க நனைந்துவிட்டார். திரைமறைவில் இருக்கும் கோஷாப் பெண்கள் எழுதிக்கொடுக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு.

"தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு, 'இது உங்க சம்மதமா, யாரும் மிரட்டுதாங்களா'ன்னு என்கிட்ட மட்டும் கேட்டிய. என் சமாச்சாரத்த என்கிட்டயே ஒரு ஆளு கேட்டது அதுதான் மொத தடவ அண்ணாச்சி. இப்பம் மதினி சமாச்சாரத்த என்கிட்ட கேக்குதிய. மதினி உள்ளதான இருக்காக?"

கஞ்சியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது சர்க்கார் உத்தியோகம், இது வீட்டு விவகாரம், இரண்டும் ஒன்றாகுமா என்று எனக்குள் வாதம் செய்துகொண்டேன். கஞ்சியும் இறங்கவில்லை.

இன்றைக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது. நான் உன்னிடம் வேண்டிக்கொள்வது இதுதான். நீ கோமதியின் கூடப் பிறந்தவன். புருஷனுக்கு இல்லாத பாத்தியதை இரத்த சம்பந்தத்துக்கு இருக்கக்கூடும். டாக்டர் ஞானபாக்கியத்துக்கு நீ ஒரு கடிதம் எழுதி, அக்காளின் வியாதி விவரத்தை அனுப்பச் சொல்லி, வந்ததும் எனக்குத் தெரியப்படுத்து. கவரில் எழுது, கார்டில் எழுதாதே. கார்டில் எழுதினால் தபால்காரன் என்னிடம் தருவதற்கு முன்பே ஊரில் எல்லாரும் வந்து ஆறுதல் சொல்லிவிடுவார்கள். இது மிக அவசரம். எனக்கு வேறு யாரும் இல்லை.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், இருந்தாலும் ஊருக்குத் தெரியாமல், தீர்க்காயுசாக இருக்க வேண்டும். எலுமிச்சம்பழம் வேண்டுமானால் எழுது, ஒரு சாக்கு அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
அத்தான்
நம்பிராஜன்

பி.கு. மேலே எழுதியது முழுவதும் ரத்து. டாக்டருக்கு எழுதாதே. கவரை ஒட்டப் போகும்போது கோமதி வந்து, "தம்பிக்கு இம்புட்டு நேரமா என்ன எழுதுதிய?" என்றாள். எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினேன். அவளை எதிரே உட்காரச் சொன்னேன். "கோமதி, உனக்கு மனப்பூர்வமான சம்மதம் இருந்தால், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், உன் உடம்புக்கு என்ன என்று எனக்குச் சொல்லுவாயா?" என்று கேட்டேன். ஆபீஸ் பாஷைதான், வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள். "செவ்வாக்கெழமையே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேம்லா. நீங்க கேப்பியன்னுதான் சோறு வைக்கட்டுமான்னு கேட்டுக்கிட்டு நின்னேன்" என்றாள். பெட்டியிலிருந்து கவரையும் எடுத்துக் கொடுத்தாள். பெட்டிக்குச் சாவியே வேண்டியிருக்கவில்லை. பூட்டு கெட்டு நாலு வருஷம் ஆகிறதாம். எல்லாம் சொன்னாள். நானும் மருந்தில் தண்ணீர் விட்டதைச் சொன்னேன், அது அவளுக்கு முதலிலேயே தெரியுமாம்.

தம்பிக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ஆகையால் என்ன வியாதி என்று உனக்கு எழுத எனக்கு அதிகாரம் இல்லை. பயப்படும்படியாக ஒன்றும் இல்லை என்ற ஒரு வரிக்கு மட்டும் மன்றாடிச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அந்த வரி இதுதான். மற்றதெல்லாம் தெரிய வேண்டுமானால் ஒரு நடை வந்து உன் அக்காளிடமே கேள். டாக்டரம்மாளிடம் போய்விடாதே, அவள் சொல்ல மாட்டாள். நல்ல டாக்டர்.