கட்டிக்கொண்டு அழ அனுமதி இல்லை

ஹடப்சர், பூனா
ஆவணி மாதம், 2003

சிரஞ்சீவி அம்பிக்கு அக்கா தர்மாம்பாள் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணி எழுதிக்கொண்டது. இவ்விடம் சௌக்கியம் என்று எழுத வேண்டியது முறை. உன் அத்திம்பேர் போனபிறகு அந்த வார்த்தையை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. ஆனால் முனிசிபாலிட்டி டாக்டரம்மா என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "காகூ, உங்களுக்கு ஒன்றுமே இல்லை, அதுதான் தொந்தரவு" என்று சொல்லியிருக்கிறாள். இங்கே மாமி என்பதற்குக் காகூ. ஆகையால் அவள் பொறுப்பில் இவ்விடம் சௌக்கியம்.

உன் கடிதம் வந்தது. கண் ஆபரேஷன் பண்ணின கட்டைப் பிரித்தாயிற்று, பச்சைத் துணியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், பெண் பார்கவியையும் பேத்தி மீனுவையும் கூட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து ரயில் ஏறப்போகிறேன், உன்னைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதால்தான் என் மனசு ஆறும் என்று எழுதியிருக்கிறாய். வராதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருப்பேன். நீ "அக்கா" என்று ஆரம்பித்ததும் விசும்புகிறாய், அப்புறம் எஸ்.டி.டி. மீட்டர்தான் ஓடுகிறதே தவிர பேச்சு ஓடுவதில்லை. சின்ன வயசில் சினிமாவில் குதிரை செத்துப்போனதற்கே சட்டை நனைய அழுதவன் நீ. அதனால் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த அஞ்சாம் கிளாஸ் எழுத்தில் பொறுமையாகப் படி.

அத்திம்பேருக்கு முதலில் தொண்டை வலி என்றுதான் ஆரம்பித்தது. மழைக்காலம், பூனாவில் யாருக்குத்தான் தொண்டை வலி இல்லை. உப்பு ஜலம் கொப்பளிக்கச் சொன்னேன், சுக்கும் மிளகும் கஷாயம் வைத்தேன். மாடி வீட்டு வனஜா, நம்ம பக்கத்துப் பெண்தான், அவள் ஆத்துக்காரர் ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் உத்தியோகம், அவள் வந்து, "மாமா பேசாம இருக்கறது மாமிக்கு ரெஸ்ட்தானே" என்று கேலி பண்ணினாள். நானும் சிரித்தேன். அவரும் கையை ஆட்டி, எழுந்ததும் உன்னைக் கவனிச்சுக்கறேன் என்று ஜாடை காட்டினார். அப்புறம் கழுத்து வீங்கி, காலர் பட்டன் போட முடியாமல் போய், எச்சில்கூட முழுங்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், அங்கே இருந்த சின்ன டாக்டர் வாயைத் திறந்து பார்த்தான். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி படர்ந்திருந்தது. அவன் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டான். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். உற்சவத்துக்கு வந்த மாதிரி எல்லோரும் வரிசையாக வந்து அவர் வாயைப் பார்த்தார்கள். "இதை நாங்க புஸ்தகத்துலதான் பார்த்திருக்கோம்" என்றான் அந்தச் சின்னவன். நம் பக்கத்தில் தொண்டை அடைப்பான் என்போமே, அதுதான். இங்கே அதற்குக் கட்ஸர்ப் என்று பேர், பேரிலேயே பாம்பு இருக்கிறது.

குழந்தைகளுக்கு வருகிற வியாதி அறுபது தாண்டின மனுஷருக்கு எப்படி வரும் என்று நான் கேட்டேன். இப்போது குழந்தைகளுக்கெல்லாம் ஊசி போட்டாகிறது, அதனால் அந்தக் கிருமி அங்கே தன் வேலையைக் காட்ட முடியாமல், ஊசி போடாத பெரியவர்களைத் தேடுகிறதாம். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் கிருமி அலையும், நமக்கே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி உடம்பு அதற்குப் பழகிவிடும். இப்போது அந்தப் பழக்கமும் விட்டுப்போயிற்று, ஊசியும் இல்லை. அத்திம்பேர் ஆயுசில் போட்டுக்கொண்டது கையில் அம்மை குத்தினது ஒன்றுதான், அந்தத் தழும்பை மெடல் மாதிரி எல்லோருக்கும் காட்டுவார். விஷத்தை முறிக்கிற மருந்து இங்கே கிடைக்கவில்லை. அவர் ஒன்றுவிட்ட தம்பி பிள்ளை ராகவேந்திரா பம்பாயில் அலைந்து ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துவந்தான். மருந்து ஏறினதும் தொண்டை தெளிந்தது. என்னைப் பார்த்து இட்லி கேட்டார், சட்னி காரமாக வேண்டாம் என்றார். பண்ணி எடுத்துப்போனேன். அந்தக் கிருமியின் விஷம் அதற்குள்ளேயே இருதயத்தைத் தொட்டிருந்ததாம். தூக்குப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை அம்பி. அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன்.

கொள்ளி போட்டதும் காரியம் பண்ணினதும் ராகவேந்திராதான். நீ கண்ணைக் கட்டிக்கொண்டு திருச்சியில் கிடந்தாய், உன்மேல் தப்பில்லை. அது முடிவதற்குள் முனிசிபாலிட்டி வந்துவிட்டது. எங்கள் பில்டிங்கில் இருக்கிற அத்தனை பேரையும் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் வரிசையாக நிற்கவைத்து, பஞ்சு சுற்றின குச்சியைத் தொண்டையில் விட்டு எடுத்தார்கள். காக்காய்க் குஞ்சு மாதிரி எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு நின்றோம். வனஜா ஆத்துக்காரர் வாயைத் திறந்தபடியே ஆபீஸ் வண்டி போய்விடப் போகிறது என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது குச்சி உள்ளே போனதும் எனக்குக் குமட்டி, டாக்டரம்மா புடவை முந்தானை பாழாயிற்று. கண்ணிலிருந்து பொலபொலவென்று ஜலம். அவர் போனதிலிருந்து அழாத கண்ணுக்கு ஒரு பஞ்சுக் குச்சியால் ஜலம் வந்ததே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் துக்கம் என்று நினைத்துக்கொண்டு, "ரடூ நகா, ரடூ நகா" என்று சமாதானம் சொன்னார்கள். அழாதே என்று அர்த்தம். நான் எங்கே அழுதேன்?

எங்கள் சொசைட்டி செக்ரட்டரி ஜோக்ளேகர் இருக்கிறாரே, அவருக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் எல்லாம் எதிரே கட்டடம் கட்டுகிற ஜனங்கள் பேரில்தான். அந்தக் கொட்டகைக் குழந்தைகளிடமிருந்துதான் வந்தது என்று சொல்லி, அவர்கள் குடிக்க ஜலம் பிடிக்கிற எங்கள் கேட் குழாய்க்குப் பூட்டுப் போட்டார். படிக்கட்டெல்லாம் பினாயில், லிஃப்ட் பட்டனுக்குக்கூடப் பினாயில். அப்புறம் முடிவு வந்தது. கொட்டகைக் குழந்தைகள் தொண்டை சுத்தம். கிருமி இருந்தது இரண்டே பேரிடம். ஒன்று நான். இன்னொன்று ஜோக்ளேகரின் பேரன், எல்லா ஊசியும் வேளாவேளைக்குப் போட்டுக் கொழுகொழு என்று இருக்கிற பிள்ளை. ஜோக்ளேகர், "ஊசி போட்டவனிடம் எப்படிக் கிருமி இருக்கும்?" என்று சண்டைக்கே போய்விட்டார். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள், வனஜா எனக்குத் தமிழில் சொன்னாள். அந்த ஊசி கிருமியின் விஷத்தைத்தான் முறிக்கும், கிருமியைத் தொண்டையிலிருந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளாது. பல் பிடுங்கின பாம்பு மாதிரி உள்ளே சும்மா சுருண்டு கிடக்கும். ஆனால் அங்கிருந்து ஊசி போடாத ஒருவர் தொண்டைக்குப் போனால் மறுபடி பல் முளைத்துவிடும். எனக்கு எப்போதோ லேசாக வந்து தெரியாமலே போயிருக்கலாம், அந்த பலத்தில் எனக்கு ஒன்றும் பண்ணாமல் உட்கார்ந்திருக்கிறதாம். சாயங்காலம் பார்த்தால் குழாய்ப் பூட்டைக் காணோம்.

நான் டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். உனக்குத் தெரியுமே, அத்திம்பேருக்குச் சர்க்கரை வியாதி. அவர் காபியில் சர்க்கரை போடமாட்டேன். அதனால் தினம் காலையில் என் டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "சூடு சரியா இருக்கான்னு பார்த்தேன் தர்மு" என்பார். என் மாமியார் இருந்தால் எச்சில் என்று ஊரைக் கூட்டியிருப்பாள். அவருக்குத் தெரிந்த ஒரே திருட்டு அது. அந்த வழியாகத்தான் போயிருக்குமா என்று கேட்டேன். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது, அவரிடமிருந்தே உங்களுக்கு வந்திருக்கலாம் என்றாள். இருக்கலாம் என்றுதான் சொன்னாள். நான் இப்போது காபி குடிப்பதில்லை.

அன்றிலிருந்து எனக்கு முனிசிபாலிட்டி மடி. என் மாமியார் மடி என்று யாரையும் தொடமாட்டாள், துணியைக் கொம்பால் எடுப்பாள், அதெல்லாம் இதன் முன்னே ஒன்றுமே இல்லை. மாத்திரை முடிகிறவரைக்கும், அப்புறம் மறுபடி குச்சி போட்டுக் கிருமி இல்லை என்று தெரிகிறவரைக்கும், வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, தனித் தட்டு, தனி டம்ளர், யாரும் கிட்டே வரக் கூடாது. முக்கியமாக, துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கட்டிக்கொண்டு அழக் கூடாது. ஏனென்றால் நம் ஜனங்கள் அழுகிறபோது வாய் காதுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், இருமுவதும் தும்முவதும் அங்கேயேதான். கிருமிக்கு அதைவிட சௌகரியமான வாகனம் கிடையாதாம். மாத்திரையானால் வயிற்றைப் பிசைகிறது. பால்காரன் பாக்கெட்டைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டு மணி அடித்து ஓடுகிறான். வனஜா ரசம் கொண்டுவந்தால் வாசல்படியில் வைத்துவிட்டு, லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாமி, உப்பு சரியா இருக்கா?" என்று கத்துகிறாள்.

இதில் போன ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ்க்காரப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பாணேரிலிருந்தும் எங்கிருந்தோவும் வேன் பிடித்துத் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். மாடிக்கு விடவில்லை. வாட்ச்மேன் கீழே நாற்காலி போட்டான். நான் பால்கனியில் நிற்கிறேன், அவர்கள் கீழே அண்ணாந்து பார்த்து அழுகிறார்கள். "சேஷு மாமா போய்ட்டாரே" என்று ஒரு குரல், "மாமி, வேளைக்குச் சாப்பிடறேளா?" என்று அதற்குள்ளேயே இன்னொரு குரல், நாலு நாய் வேறு சேர்ந்துகொண்டது. எதிர் பில்டிங் மராட்டிக்காரப் பெண்களுக்குப் பாஷை புரியவில்லை. எங்கள் பேட்டையில் மூன்று நாளாய்க் குழாயில் ஜலம் வரவில்லை, அதற்குத்தான் மோர்ச்சா, அதாவது ஆர்ப்பாட்டம், என்று நினைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். "பாணி பாய்ஜே, பாணி பாய்ஜே" என்று கோஷம். ஜலம் வேண்டும் என்று அர்த்தம். ஜோக்ளேகர் பனியனோடு ஓடிவந்து, டாங்கர் லாரி வந்துகொண்டே இருக்கிறது, சமாதானமாக இருங்கள் என்று எல்லோரையும் கும்பிட்டார். நம்மவர்கள் அவரைத்தான் அத்திம்பேரின் அண்ணா என்று நினைத்து அவரைச் சுற்றிக்கொண்டு அழுதார்கள். நிஜமாகவே டாங்கர் வந்தது. அத்திம்பேர் உயிரோடு இருந்தபோது ஜலத்துக்காக ஆறு தடவை மனு எழுதினார், வரவில்லை. போனபிறகு வரவழைத்துவிட்டார். எனக்கு அவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல் இருந்தது. உள்ளே திரும்பிக் கூப்பிடக்கூடக் கூப்பிட்டுவிட்டேன்.

சரி, அதை விடு. இப்போது மீனு விஷயம். பார்கவி ஆத்துக்காரர் கோகுல்நாத், குழந்தைக்கு முத்தடுப்பு ஊசி எதுவும் வேண்டாம், எங்கள் தெருவில் அந்த வியாதி யாருக்குமே கிடையாது, எதற்குப் பச்சைக் குழந்தையைக் குத்தி ஜுரம் வரவழைக்க வேண்டும் என்று சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாக மரியாதையாகவே சொல்லு. தெருவில் யாருக்கும் வியாதி இல்லாததற்குக் காரணம் தெருவில் மற்றவர்கள் போட்டுக்கொண்டிருப்பது. ஆனால் கிருமி இல்லை என்று அர்த்தம் இல்லை. கொழுகொழு பிள்ளை ஒன்று வந்து குழந்தை கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தால் போதும். இல்லாவிட்டால் என்னை மாதிரி ஒரு அத்தைப்பாட்டி ஆசையாகத் தூக்கி உச்சி முகர்ந்தால் போதும். அந்தக் குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை அம்பி. போட்டோவில் அத்திம்பேர் அதன் காதைப் பார்த்து, "இது உன் காது தர்மு, கஷ்டம்" என்றார். மூன்று ஊசியும் போட்டு முடிகிறவரைக்கும் அதை இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது. நீயும் வராதே. நான் கிருமி வைத்திருக்கிறவள். எனக்கு யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம், நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பார்கவிக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். மீனுவுக்குத் தூரத்திலிருந்தே திருஷ்டி சுற்றிப் போட்டேன் என்று சொல்லு. கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுவதை நிறுத்தாதே, அழுதால் மருந்து வெளியே வந்துவிடும். இந்தக் கவரை நான் எச்சில் தொட்டு ஒட்டவில்லை, சோற்றுப் பருக்கையால்தான் ஒட்டப்போகிறேன், தைரியமாகப் பிரிக்கலாம்.

இப்படிக்கு,
உன் அக்கா
தர்மாம்பாள்

பி.கு. ஒட்டுவதற்கு முன்னால் இதையும் எழுதிவிடுகிறேன். டாக்டரம்மா இரண்டாவது தடவையும் குச்சி போட்டுப் பார்த்து, காகூ, கிருமி போய்விட்டது, இனிமேல் யாரும் வரலாம் என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. பாணேர்க்காரர்கள் வந்தபோதே எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. வனஜா இன்னும் லிஃப்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள், பாவம். சொன்னால் எல்லோரும் மேலே வந்து கட்டிக்கொண்டு அழுவார்கள். அழுதுவிட்டால் அவர் போனது நிஜமாகிவிடும் என்று பயமாக இருந்தது. இத்தனை நாள் முனிசிபாலிட்டி பேரைச் சொல்லி எல்லோரையும் வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தேன், இனிமேல் முடியவில்லை. மேலே எழுதினதில் மீனு ஊசி விஷயம் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடு. குழந்தையைப் பார்கவியிடம் விட்டுவிட்டு, பெரியவர்களுக்குப் போடுகிற ஊசியை நீயும் போட்டுக்கொண்டு, கிடைத்த ரயிலில் ஏறி வா. எனக்கு அழ மறந்துபோய்விட்டது அம்பி. நீ வந்து ஆரம்பி, நான் பின்னாலேயே வந்துவிடுகிறேன்.